சுண்ணாம்பு நீரும் ராபேலின் சித்திரங்களும்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் எல்லோரும் செய்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சோதனைக் குழாயில் எடுத்துக்கொண்டு, மெல்லிய கண்ணாடிக் குழல் வழியாக அதனுள் ஊதுகிறோம். சிறிது நேரத்தில் நீர் பால்போல் வெளுக்கிறது. "நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது" என்று ஏட்டில் எழுதுகிறோம். மணி அடிக்கிறது. குழாயைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறோம்.

குழாயைக் கழுவாமல் வாயுவை மேலும் செலுத்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஊதி ஊதி வாய் வலிக்கும் என்பவர்கள், சலவைக்கல் துண்டுகளின்மேல் அமிலம் ஊற்றிப் பெறும் கரியமில வாயுவைச் செலுத்திப் பார்க்கலாம். பால்போன்ற வெண்மை மெல்ல மெல்ல மறைந்து, நீர் மறுபடியும் தெளிந்துவிடும். எந்த வாயு வெண்மையைக் கொடுத்ததோ, அதே வாயுதான் அதை எடுத்தும் விடுகிறது.

இந்தச் சோதனையின் இரு பாதிகளையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதற் பாதியின் பயனாக, ரோம் நகரில் ஒரு மாளிகையின் சுவரோவியங்கள் 1,400 ஆண்டுகள் மண்ணுக்குள் நிலைத்திருந்தன. அவற்றைப் பார்த்து வியந்த ராபேல் முதலிய மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் அதே முறையில் புதிய சித்திரங்களைப் படைத்தார்கள். ஆனால் அவர்கள் பார்க்க வந்ததிலிருந்தே அந்தப் பழைய ஓவியங்களின் அழிவும் தொடங்கிவிட்டது. அந்த அழிவில் சோதனையின் இரண்டாம் பாதிக்கும் பங்கு உண்டு. அது எவ்வாறு என்று காண்போம்.

மண்ணுக்குள் போன மாளிகை

கி.பி. 64-ஆம் ஆண்டில் ரோம் நகரில் பெருந்தீ மூண்டது. தீக்குப் பின் நகரின் நடுவே பெரும்பரப்பை வளைத்துக்கொண்டு, பேரரசன் நீரோ தனக்காக ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கினான். 'தோமுஸ் அவுரேயா' என்பது அதன் பெயர். 'பொன் மாளிகை' என்று பொருள். அதன் சுவர்களிலும் வளைந்த கூரைகளிலும் ஓவியங்களும் சுதை வேலைப்பாடுகளும் நிறைந்திருந்தன. அங்கே வேலை செய்த ஃபாபுல்லுஸ் என்ற ஓவியரைப் பற்றிப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அவர் நாளில் சில மணி நேரமே வரைவாராம். சாரத்தின்மேல் ஏறி நிற்கும்போதும் கௌரவமான மேலாடையைக் களைய மாட்டாராம்.

கி.பி. 68-ல் நீரோ மாண்டான். அவனுக்குப் பின் வந்தவர்கள் அவன் நினைவை அழிக்கவே விரும்பினார்கள். கி.பி. 104-ல் மாளிகையில் மீண்டும் தீப்பிடித்தது. பின்னர் பேரரசன் டிராஜன், மாளிகையின் பெரும் பகுதிக்கு மேலேயே பொதுக் குளியல் மண்டபங்களைக் கட்டினான். அந்தப் பெருங்கட்டடத்துக்கு உறுதியான அடித்தளம் வேண்டுமே! அதற்காகக் கீழே இருந்த அறைகளில் கூரை மட்டும் மண்ணையும் இடிபாட்டையும் கொட்டி நிரப்பினார்கள். குளியல் மண்டபங்கள் கி.பி. 109-ல் திறக்கப்பட்டன.

ஓவியங்களை ஒழிக்கச் செய்த காரியமே அவற்றுக்குக் காவலாயிற்று. மண் நிரம்பிய அறைகளில் வெயில் இல்லை, காற்றோட்டம் இல்லை, கோடை குளிர் என்ற மாறுதலும் இல்லை.

கயிற்றில் இறங்கிய ஓவியர்கள்

1480-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ரோமின் ஒப்பியன் குன்றில் சிலர் நிலத்தைத் தோண்டியபோது ஒரு வெற்றிடம் தட்டுப்பட்டது. உண்மையில் அவர்கள் திறந்தது நீரோ மாளிகையின் கூரையை. செய்தி பரவியது. ஓவியர்கள் ஒவ்வொருவராகக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையில் பந்தத்துடன் உள்ளே இறங்கினார்கள். அறைகளில் மண் நிரம்பியிருந்ததால், தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் இருந்த கூரைச் சித்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. தவழ்ந்து சென்று, மல்லாந்து படுத்து, பந்த வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்துப் படியெடுத்தார்கள். சிலர் தங்கள் பெயர்களையும் கூரையில் கீறிவிட்டுப் போனார்கள்! அவை இன்றும் அங்கே உள்ளன.

அவர்கள் அங்கே கண்ட சித்திரங்கள் விந்தையானவை. மெல்லிய கொடித் தண்டின்மேல் ஒரு சிறு மண்டபம் நிற்கிறது. இடுப்புக்கு மேல் பெண், கீழே இலைச் சுருள். சிங்கத்தின் உடலுக்கு மீன் வால். முகமூடிகள், பறவைகள், மாலைகள், விளக்குகள் ஆகிய எல்லாம் இடமும் வலமும் சமமாக, கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒழுங்காக அமைந்திருந்தன. இத்தகைய சித்திரங்களை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே கண்டித்திருக்கிறார். நாணல் தண்டு ஒரு கூரையை எப்படித் தாங்கும் என்பது அவர் கேள்வி. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் நானும் அவர் கட்சிதான். ஆனால் ஓவியர்களுக்கு அந்த விடுதலைதான் பிடித்திருந்தது.

இத்தாலிய மொழியில் குகைக்கு 'குரோத்தா' என்று பெயர். குகைபோன்ற இடங்களில் கிடைத்ததால் இச்சித்திர வகைக்கு 'குரோத்தெஸ்கா' என்ற பெயர் ஏற்பட்டது. 1502-ல் சியேனா நகரத்து நூலகம் ஒன்றில் சித்திரம் தீட்டப் பிந்துரிக்கியோ என்ற ஓவியருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்திலேயே இச்சொல் காணப்படுகிறது. இருபது ஆண்டுகளில் குகைக்குள் கண்டது ஒப்பந்தப் பத்திரத்தில் ஏறும் அளவுக்குப் பிரபலமாகிவிட்டது!

ஈரச் சாந்தில் நடப்பது என்ன?

வடிவத்தைப் படியெடுப்பது எளிது. ஆனால் 1,400 ஆண்டுகளுக்குப் பின்னும் வண்ணங்கள் இவ்வளவு புதிதாக இருப்பது எப்படி என்பதுதான் அவர்களை வியக்கவைத்தது. இந்த இடத்தில் நமது சோதனைக் குழாய் உதவிக்கு வருகிறது.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. 100 கிராம் தூய கல்லிலிருந்து 44 கிராம் வாயு போய்விட, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. இதில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறுகிறது. 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் நீரை ஏற்று, 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகிறது. வேதியியலில் இது கால்சியம் ஹைடிராக்ஸைடு.

இதை மணலுடன் குழைத்துச் சுவரில் பூசியபின் என்ன நடக்கிறது? சாந்து உலர்கிறது, அதனால் கெட்டியாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உலர்வது மட்டும் போதாது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, தான் ஏற்றிருந்த நீரை விட்டுவிட்டு, மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. 74 கிராம் சுண்ணாம்பு 44 கிராம் வாயுவை ஏற்று 100 கிராம் கல்லாகிறது. 18 கிராம் நீர் வெளியேறுகிறது. சுட்டபோது இழந்ததைக் காற்றிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது என்று சொல்லலாம். சுண்ணாம்பு நீர் பால்போல் வெளுப்பதும் இதே மாற்றம்தான். அந்த வெண்மை, நீரில் மிதக்கும் நுண்ணிய கல் துகள்களே.

ஒருமுறை எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாணவர் ஒருவர் சுண்ணாம்பு நீரைத் தட்டில் ஊற்றியபடி மறந்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் நீரின்மேல் கண்ணாடித் தாள்போல் ஓர் ஏடு படிந்திருந்தது. விரலால் தொட்டதும் அது சிறு சிறு சில்லுகளாக உடைந்தது. காற்றைத் தொடும் மேற்பரப்பில்தான் கல் முதலில் உண்டாகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சுவரோவியத்தின் இரகசியமும் இந்த ஏடுதான். சாந்து ஈரமாக இருக்கும்போதே, நீரில் மட்டும் குழைத்த வண்ணப்பொடியைத் தூரிகையால் தீட்டுகிறார்கள். பசையோ எண்ணெயோ சேர்ப்பதில்லை. சாந்திலுள்ள நீர் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும்போது, கரைந்த சுண்ணாம்பையும் உடன் கொண்டுவருகிறது. அது காற்றைத் தொட்டதும், வண்ணத் துகள்களைச் சூழ்ந்து ஒளி ஊடுருவும் கல் ஏடாக உறைகிறது. வண்ணம் சுவரின்மேல் ஒட்டவில்லை, சுவருக்குள்ளேயே பதிந்துவிட்டது. கரைதிறனும் துணை செய்கிறது. நீற்றிய சுண்ணாம்பு ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் கரையும். அதுவே கல்லான பின், தூய நீரில் கரைவது அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான்.

இந்த முறைக்கு 'ஃப்ரெஸ்கோ' என்று பெயர். இத்தாலிய மொழியில் 'புதியது, ஈரம் காயாதது' என்று பொருள். சாந்து சில மணி நேரமே ஈரமாக இருக்கும். ஆகையால் ஒரு நாளில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே அன்றன்று சாந்து பூசுவார்கள். ஒரு நாள் பூச்சும் மறுநாள் பூச்சும் சேரும் இடத்தில் மெல்லிய விளிம்பு தெரியும். அந்த விளிம்புகளை எண்ணியே ஓர் ஓவியம் எத்தனை நாள் வேலை என்று இன்று கணக்கிட்டுவிடுகிறார்கள். சாந்து முழுவதும் கல்லாக நெடுங்காலம் ஆகும். வாயு நுண்துளைகள் வழியே பரவி உள்ளே செல்லவேண்டும். ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு ஆகும் காலத்தைப்போல் நான்கு மடங்கு காலம் இரண்டு மில்லிமீட்டருக்கு வேண்டும்.

ஊதினேக்காரரின் சோதனைகள்

நீரோவின் மாளிகையில் ஓவியங்களோடு வெண்மையான சுதைப் புடைப்புகளும் இருந்தன. ராபேலும் (1483–1520), அவருடன் வேலை செய்த ஜியோவானி தா ஊதினேயும் (1487–1561) அவற்றைக் காண ஒன்றாகச் சென்றதாக, ஓவியர் வரலாறுகளை எழுதிய வசாரி கூறுகிறார். அந்தச் சுதை எதனால் ஆனது, எப்படிச் செய்வது என்பது அப்போது வழக்கொழிந்து போயிருந்தது.

ஜியோவானி அதைச் சோதனை செய்தே கண்டுபிடித்தார். முதலில் சுண்ணாம்புடன் பொத்ஸொலானா என்ற எரிமலைச் சாம்பல் மண்ணைக் கலந்து பார்த்தார். கெட்டியாயிற்று, ஆனால் பழைய சுதையின் வெண்மையும் நயமும் வரவில்லை. மீண்டும் மீண்டும் முயன்று, கடைசியில் மிக வெண்மையான சலவைக்கல்லை இடித்து, சலித்து, அந்தப் பொடியை வெண்ணிறத் திராவெர்த்தீன் கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புடன் குழைத்தார். பழைய சுதை அப்படியே வந்துவிட்டது.

இதன் காரணம் இன்று நமக்கு விளங்குகிறது. எரிமலைச் சாம்பல் நிறமுள்ளது. சலவைக்கல்லோ, சாந்து கடைசியில் எதுவாக மாறப்போகிறதோ அதே கால்சியம் கார்பனேட். புதிதாக உண்டாகும் படிகங்கள் சலவைக்கல் துகள்களின்மேலேயே வளர்ந்து ஒன்றாகிவிடுகின்றன. தனிச் சுண்ணாம்பு உலரும்போது சுருங்கி வெடிக்கும். கல் துகள்கள் சுருங்காதவை ஆகையால் வெடிப்பைத் தடுக்கின்றன. சலவைக்கல் பொடி கலந்த பூச்சை விட்ருவியஸும் தம் நூலில் விதித்திருக்கிறார். அந்நூலை ராபேல் தம் வீட்டிலேயே ஃபாபியோ கால்வோ என்ற அறிஞரைக் கொண்டு இத்தாலிய மொழியில் பெயர்க்கச் செய்தார் என்பதும் கருதத்தக்கது.

இந்த அறிவெல்லாம் வாத்திக்கன் அரண்மனையில் பயன்பட்டது. 1517 முதல் 1519 வரை, போப்பாண்டவர் பத்தாம் லியோவுக்காக, ராபேலின் குழுவினர் 65 மீட்டர் நீளமும் 13 கட்டுகளும் உள்ள தாழ்வாரம் ஒன்றை அலங்கரித்தார்கள். தூண்களிலும் வளைவுகளிலும் கொடிகள், பறவைகள், விந்தை உருவங்கள் எல்லாம் ஓவியமாகவும் சுதையாகவும் நிறைந்தன. இங்கிருந்துதான் இந்த அலங்காரம் ஐரோப்பா எங்கும் பரவியது. ரஷ்யப் பேரரசி காதரீன் 1780-களில் இத்தாழ்வாரத்தையே முழுமையாகப் படியெடுக்கச் செய்து, பீட்டர்ஸ்பர்க் நகரில் நிறுவினார்.

நீல நிறத்தின் சாட்சி

பழமையை இவர்கள் எவ்வளவு ஊன்றிக் கற்றார்கள் என்பதற்கு ஒரு சான்று அண்மையில் கிடைத்தது. மணல், செம்பு, சுண்ணாம்பு, உவர் மண் ஆகியவற்றைச் சேர்த்துச் சுமார் 900 டிகிரியில் சுட்டு, 'எகிப்திய நீலம்' என்ற வண்ணத்தைப் பண்டை மக்கள் செய்தார்கள். காரமான சுண்ணாம்பில் கெடாத நீலம் அது. ரோமப் பேரரசு வீழ்ந்தபின் அதன் பயன்பாடு மங்கி மறைந்தது.

இந்த வண்ணத்துக்கு ஒரு வியப்பான இயற்பியல் குணம் உண்டு. அதன்மேல் செந்நிற ஒளியைப் பாய்ச்சினால், சுமார் 910 நானோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. அகச்சிவப்புக் கதிரை உணரும் புகைப்படக் கருவியில் அந்த இடம் மட்டும் வெண்மையாக ஒளிரும். ஓவியத்திலிருந்து ஒரு துகளைக்கூடச் சுரண்டாமல் ஆராய்ந்துவிடலாம். ரோமில் ஃபார்னெசீனா மாளிகையிலுள்ள ராபேலின் 'கலாதேயா' என்ற சுவரோவியத்தை ஆராய்ந்தபோது, அதன் கடலிலும் வானத்திலும் எகிப்திய நீலம் இருப்பது தெரிந்தது. ராபேல் மறைந்து 500 ஆண்டுகள் நிறைந்த 2020-ல் இச்செய்தி வெளியாயிற்று. பழைய ரோமின் கடவுளர் கதையைத் தீட்டியவர், பழைய ரோமின் நீலத்தையே அதற்குத் தேர்ந்திருக்கிறார்!

சோதனையின் இரண்டாம் பாதி

இனி வருத்தமான பகுதிக்கு வருவோம். பழைய ஓவியங்கள் புதுமையாக இருந்ததற்கு வசாரியே ஒரு காரணம் சொல்கிறார். பருவந்தோறும் மாறி எல்லாவற்றையும் தேய்க்கும் காற்று அவற்றைத் தொடவில்லை என்பது அவர் கருத்து. சரியான கருத்துதான். ஆனால் ஓவியர்கள் இறங்கிய துளை வழியாக அந்தக் காற்றும் உள்ளே இறங்கியது!

மண்ணுக்குள் இருந்த சுவரில் எப்போதும் ஈரம் இருந்தது. அந்த ஈரத்தில் உப்புகள் கரைந்திருந்தன. சூழ்ந்திருந்த காற்றும் நீராவி நிறைந்ததாகையால் நீர் ஆவியாகவில்லை. உப்புகள் கரைந்தபடியே இருந்தன. வெளிக்காற்று வந்ததும் சுவர் உலரத் தொடங்கியது. நுண்துளைகள் வழியே நீர் மேற்பரப்பை நோக்கி வந்து ஆவியாக, உப்புகள் வண்ண ஏட்டின் பின்புறம் படிகமாயின. நம் வீட்டுச் சுவர்களில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து உதிர்வதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதேதான். வளரும் படிகம் சாந்தையே உடைக்கும் விசை உடையது. மழைக்காலத்தில் கரைந்தும் கோடையில் உறைந்தும் இது ஆண்டுதோறும் நிகழ்ந்தது.

பந்தங்களின் கரி படிந்தது. விளக்கொளி கிடைத்த இடங்களில் பாசி வளர்ந்தது. மேலே வளர்ந்த மரங்களின் வேர்கள் கூரையைத் துளைத்தன; மழைநீர் கசிந்தது. இவற்றோடு பார்வையாளர்களின் மூச்சும் சேர்ந்தது. அமைதியாக நிற்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பத்தையும், மணிக்கு 40 முதல் 50 கிராம் நீராவியையும் வெளிவிடுகிறார். அவர் மூச்சில் நூற்றுக்கு நான்கு பங்கு கரியமில வாயு உள்ளது. இது வெளிக்காற்றில் உள்ளதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. குளிர்ந்த சுவரில் நீராவி துளியாகப் படிய, வாயு அதில் கரைகிறது. அந்த நீர் கல் ஏட்டைக் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. சோதனைக் குழாயில் பால் மறைந்து நீர் தெளிந்தது இந்த மாற்றத்தால்தான். அங்கே வெண்மை மறைகிறது. இங்கே ஓவியத்தின் பிடிமானம் தளர்கிறது.

போர்த்துகீசிய ஓவியர் பிரான்சிஸ்கு தெ ஒலாண்டா 1538-ஐ ஒட்டி ரோமில் இருந்தபோது, மாளிகையின் பொன் பூசிய கூரை ஒன்றை வண்ணத்தில் படியெடுத்தார். இன்று அந்தக் கூரை பெரிதும் சிதைந்துவிட்டது. அது முன்பு எப்படி இருந்தது என்பதை அவருடைய படத்தைப் பார்த்தே அறிகிறோம். அவரும் கூரைக்கருகே மூச்சு விட்டுக்கொண்டுதான் அதை வரைந்திருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் வரையாதிருந்தால் நமக்கு அதுவும் இல்லை.

மண் அப்படியே இருக்கட்டும்

பொன் மாளிகை 1999-ல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. நீர்க்கசிவால் 2005-ல் மூடவேண்டியதாயிற்று. 2010-ல் மேலிருந்த டிராஜன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பின்னர் 2014 முதல், பழுதுபார்க்கும் பணி நடக்கும்போதே, சிறு சிறு குழுக்களாகத் தலைக்கவசம் அணிவித்துப் பார்வையாளரை அனுமதித்தார்கள்.

2019-ல் ஒரு செய்தி வந்தது. கூரை ஒன்றைப் பழுதுபார்க்கச் சாரம் கட்டியவர்கள் மூலையில் ஒரு திறப்பைக் கண்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, அதுவரை அறியப்படாத ஓர் அறை தெரிந்தது. அதன் சுவரில் ஸ்பிங்க்ஸ் என்ற பெண்முகச் சிங்கம் ஒன்றும், பறவைகளும், கொடிகளும் இருந்தன. 1480-ல் கண்டவர்கள் அடைந்த வியப்பை அவர்களும் அடைந்திருப்பார்கள். ஆனால் இம்முறை அந்த அறையில் நிறைந்திருந்த மண்ணை வாரி வெளியே கொட்டவில்லை. டிராஜனின் ஆட்கள் கொட்டிய மண்ணின் பெரும் பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். அதை எடுத்தால் கட்டடத்தின் உறுதி குலையும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆர்வம் இல்லாமல் அல்ல. ஐந்து நூற்றாண்டு அனுபவத்துக்குப் பின் வந்த நிதானம் அது.

மாணவர்கள் அடுத்த முறை சுண்ணாம்பு நீரில் ஊதும்போது, வெளுத்ததும் நிறுத்திவிட வேண்டாம். தெளியும்வரை வாயுவைச் செலுத்திப் பாருங்கள். பாதிச் சோதனையில் தெரிவது பாதி உண்மைதான்.